கரியம்மாளுக்கு வளைகாப்பு

புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருக்கிறேன். விரலெல்லாம் பிசுபிசு என்று இருக்கிறது, அதனால் எழுத்து எங்கேயாவது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். முறம் நிறையக் கிடக்கிறது. இது தீர்வதற்குள் ஒரு கதை சொல்லிவிடலாம். பிள்ளைகளே, கிட்டே வாருங்கள்.

ஒரு காட்டில் ஓர் ஓடை ஓடியது. அந்தக் காட்டுக்கு மேலே மேட்டில் இன்னொரு காடு. ஓடை மேல்காட்டில் பிறந்து கீழ்க்காட்டுக்கு இறங்கி வரும். கீழ்க்காட்டில் இருந்த எல்லாரும் அந்த ஒரே ஓடையில்தான் குடித்தார்கள், குளித்தார்கள், சண்டை போட்டால் முகம் கழுவிக்கொண்டார்கள்.

மேல்காட்டில் மயில்கள் இருந்தன. மயிலுக்குத் தன் அழகைத் தவிர வேறு நினைப்பு கிடையாது. மழையில் நனைந்து நனைந்து தோகை வெளுத்துப்போகிறதே என்று கவலைப்பட்டு, அவை ஒரு சாயப்பட்டறை வைத்தன. நீலத்துக்கு ஒரு தொட்டி, பச்சைக்கு ஒரு தொட்டி. காலையில் தோகையை முக்கி எடுக்கும், வெயிலில் உலர்த்தும், சாயங்காலம் ஆடும். மிச்சச் சாயத் தண்ணீரை ஓடையில் கவிழ்த்துவிடும்.

அவ்வளவுதான். கீழ்க்காட்டுக்கு ஓடை நீலமாக வந்தது.

கொக்கு ஒன்று ஓடையில் குளித்துவிட்டு வீட்டுக்குப் போனது. அதன் பெண்சாதி கூட்டுக்குள் விடவில்லை. "எங்க வீட்டுக்காரர் வெள்ளையா இருப்பார். நீங்க யாரு, எந்த ஊரு?" என்று கேட்டது. கொக்கும் யோசித்துப் பார்த்தது, அதற்கே சந்தேகம் வந்துவிட்டது.

பச்சைத் தொட்டியைக் கவிழ்த்த அன்று யானைக்குத் தந்தம் பச்சையாகிவிட்டது. வாழைத்தண்டு என்று நினைத்து யாரோ வந்து கடித்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இதையெல்லாம் பார்த்துக் காடே சிரித்தது. சிரிக்க முடியாதவள் ஒருத்தி மட்டும் இருந்தாள். அவள் பெயர் அல்லி. முயல்.

அல்லிக்கு மூன்று குட்டிகள். மூன்றுக்கும் அந்தத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. மூத்தது இரண்டும் எப்படியோ தாக்குப் பிடித்தன. கடைக்குட்டி பொட்டு படுத்துவிட்டது. குடித்தால் வயிறு போகிறது. குடிக்காவிட்டால் நாக்கு வறண்டுபோகிறது. தூக்கினால் துணி மாதிரித் தொங்குகிறது.

அல்லி வாய் திறந்து யாரிடமாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்குக் கூச்சம் அதிகம். எதிரே யாராவது வந்தால் புதருக்குள் போய்விடுவாள். அவர்கள் தாண்டிப் போன பிறகு, "வாங்க, நல்லா இருக்கீங்களா" என்று மெதுவாகக் கேட்பாள்.

அவளுக்குப் பக்கத்து வளையில் ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். எல்லாரும் முள்ளக்கா என்று கூப்பிடுவார்கள். உடம்பில் இருந்த முள் போதாது என்று நாக்கிலும் நாலு வைத்திருந்தாள். அல்லிக்கு என்ன தேவையோ அதை முள்ளக்கா காதில் சொல்லுவாள். முள்ளக்கா அதை ஊருக்குச் சொல்லுவாள்.

அந்தக் காட்டுக்குப் பெரியதனம் ஒரு கரடி. நல்லவர்தான். ஆனால் அவருக்கு விழா என்றால் உயிர். நகம் வெட்டிக்கொண்டாலும் மேளம் வைப்பார்.

கரடியார் எல்லாரையும் கூட்டினார்.

"மேல்காட்டுக்குப் போய்க் கேட்டீங்களா?"

காட்டெருமை முன்னால் வந்தது. சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது. அதுதான் அதன் குணம். "கேட்டோம் பெரியதனம். 'நாங்க ஊத்துற வரைக்கும் அது எங்க தண்ணி, அதைப் பத்தி நீங்க பேசக் கூடாது. கீழே வந்துட்டா அது உங்க தண்ணி, அதைப் பத்தி நாங்க பேசுறது மரியாதை இல்லை' அப்படின்னு சொல்லிட்டாங்க."

"சரி, அப்புறம்?"

"அப்புறம் ஆடினாங்க."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"கை தட்டிட்டு வந்துட்டோம்."

கரடியார் கொஞ்ச நேரம் யோசித்தார். "நல்லா ஆடினாங்களா?"

"ரொம்ப நல்லா ஆடினாங்க பெரியதனம். சாயம் நல்லா ஏறியிருக்கு."

கரடியார் எழுந்து ஓடைக்கரைக்குப் போனார். தலைப்பாகையைச் சரி செய்துகொண்டார். "நீலமே, நான் பெரியதனம் பேசுறேன். நாளைக்குப் பொழுது விடியறதுக்குள்ள மரியாதையா வெளியே போயிடு" என்று தண்ணீரைப் பார்த்துச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். நீலம் போகவில்லை.

அடுத்து குரங்கு எழுந்தது. அதற்குத் தெரியாத விஷயம் கிடையாது, செய்து பார்த்த விஷயமும் கிடையாது. "முத்தைப் பொடி பண்ணித் தண்ணியில போடணும். கூடவே சந்தனக்கட்டையை இழைச்சு ஊத்தணும். எங்க ஒன்றுவிட்ட மாமன் சொல்லியிருக்கார்."

"முத்துக்கு எங்கே போறது?"

"கடலுக்கு."

"கடல் எங்கே இருக்கு?"

"அதையும் மாமன் சொல்றதுக்குள்ள கிளையில இருந்து விழுந்துட்டார்."

இந்த நேரத்தில் அல்லி புதருக்குப் பின்னால் இருந்து முள்ளக்காவின் முள்ளை இழுத்தாள். காதில் ஏதோ சொன்னாள்.

முள்ளக்கா எழுந்தாள். "பெரியதனம், அல்லி ஒண்ணு சொல்றா. காட்டு ஓரத்துல மனுசங்க வந்து பொங்கல் வச்சு, தேங்காய் உடைக்கிற கோயில் இருக்குல்ல, அங்கே பழைய அடுப்பு நிறைய கிடக்கு. கொட்டாங்கச்சியைப் போட்டு எரிச்சிருக்காங்க. ஓடை ஒரு பக்கம் அந்தக் கரிக்குள்ள புகுந்து மறுபக்கம் பள்ளத்துல தேங்குது. பள்ளத்துத் தண்ணியில நீலம் இல்லையாம். ஒரு வாய் பொட்டுக்குக் குடுத்திருக்கா. வயிறு போகல."

"கரியா?" என்றார் கரடியார். "கரியைப் போட்டாத் தண்ணி கறுப்பாயிடுமே."

"முத்து எங்கே, கொட்டாங்கச்சிக் கரி எங்கே" என்று குரங்கு சிரித்தது. "சும்மா கிடக்கிற பொருள்ல என்ன வீரியம் இருக்கப் போகுது?"

"சும்மா கிடக்கிறது எல்லாம் ஆகாதுன்னா, உன் தலையை எதுக்குத் தூக்கிட்டுத் திரியறே?" என்று கேட்டாள் முள்ளக்கா.

செலவு ஒன்றும் இல்லை என்பதால் கரடியார் ஒத்துக்கொண்டார்.

கோயிலில் மனுஷர்கள் போட்டுவிட்டுப் போன கொட்டாங்கச்சியை எல்லாம் பொறுக்கிக் குழியில் போட்டார்கள். அணையாத கங்கு ஒன்றைக் குரங்கு கொண்டு வந்தது. தீ பிடித்ததும் மண்ணைப் போட்டு மூடச் சொன்னாள் அல்லி, முள்ளக்கா வழியாகத்தான். மூடாமல் விட்டால் எல்லாம் சாம்பலாகப் போயிருக்கும். ஆறிய பிறகு தோண்டினால் கன்னங்கரேல் என்று கரி. யானை மெதுவாக மிதித்து நொறுக்கியது. மேலே ஒட்டியிருந்த தூளைக் கழுவினார்கள்.

பொங்கல் வைத்த பழைய பானை ஒன்று கிடந்தது. அதன் அடியில் ஓட்டை போட்டு, மணல் ஒரு படுகை, அதன் மேல் கரி, அதன் மேல் மறுபடி மணல். கொடியால் கட்டி ஓடைக்கரை மரத்தில் தொங்கவிட்டார்கள். யானை தும்பிக்கையால் நீலத் தண்ணீரை மேலே ஊற்றியது.

கீழே சொட்டுச் சொட்டாக வந்தது. நீலமும் இல்லை, கறுப்பும் இல்லை. மழைத் தண்ணீர் மாதிரி இருந்தது.

அது எப்படி என்று கேட்பீர்கள். கரித்துண்டைப் பார்த்தால் கல் மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே முழுக்க ஓட்டை, நம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. ஒரு துண்டு கரி என்பது ஓர் ஊருக்கே போதும் அளவுக்கு அறைகள் உள்ள வீடு. தண்ணீர் ஒரு வாசலில் புகுந்து இன்னொரு வாசலில் வெளியே போகும். போகும்போது நீலத்தை அறைச் சுவரில் ஒட்டவிட்டுப் போய்விடும்.

அல்லி ஓர் இலையில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வளைக்கு ஓடினாள். பொட்டு குடித்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னும் கொஞ்சம் குடித்தது. இரண்டு நாளில் அண்ணன்காரன் காதைக் கடித்தது. காதைக் கடிக்க ஆரம்பித்தால் முயல்குட்டி பிழைத்துக்கொண்டது என்று அர்த்தம்.

இத்தோடு கதை முடிந்திருக்கும். ஆனால் கரடியார் இருக்கிறாரே.

"இவ்வளவு பெரிய காரியம் பண்ணினவங்களுக்கு விழா எடுக்க வேண்டாமா?" என்றார்.

அது அல்லியின் காதில் விழுந்தது. தன்னை மேடையில் ஏற்றிவிடுவார்களோ என்று பயந்து வளைக்குள் வளை தோண்டிப் போய்விட்டாள். பயப்படத் தேவையே இருக்கவில்லை. விழா கரிக்கு.

பந்தல் போட்டார்கள். தவளைகள் மேளம். கரிப்பானைக்குப் பட்டுப்பூச்சிகள் நெய்த பொன்னாடை போர்த்தினார்கள். யானை மாலை போட்டது. குரங்கு பேசியது. சும்மா கிடக்கும் பொருளில்தான் வீரியம் அதிகம் என்று தான் அன்றைக்கே சொன்னதாகப் பேசியது. கடைசியில் கரடியார் எழுந்து, "இன்னையில இருந்து இவங்க வெறும் கரி இல்லை. ஓடைச்செல்வி கரியம்மாள்" என்று பட்டம் கொடுத்தார். எல்லாருக்கும் சாப்பாடு.

பந்தலுக்குப் பின்னால் அல்லி முள்ளக்காவின் காதில் சொன்னாள். "அக்கா, கரிக்குள்ள இடம் இருக்கிற வரைக்கும்தான் நீலத்தை வாங்கிக்கும். நிறைஞ்சு போச்சுன்னா எடுத்துட்டு வேற கரி போடணும். சொல்லுங்கக்கா."

முள்ளக்கா சொன்னாள். மேளச் சத்தத்தில் ஒருவர் காதிலும் விழவில்லை.

ஒரு மாதம் போனது. பானையில் இருந்து வரும் தண்ணீரில் லேசாக நீலம் தெரிந்தது. அப்புறம் லேசாக இல்லாமலே தெரிந்தது.

பொட்டுக்கு மறுபடி வயிறு போக ஆரம்பித்தது. இந்த முறை சீக்கிரமே படுத்துவிட்டது. கண்ணைக் கூடத் திறக்கவில்லை.

அல்லி பானையிடம் ஓடினாள். பானைக்கு முன்னால் காட்டெருமை நின்றது. கரடியார் காவல் வைத்திருந்தார்.

"அண்ணே, கரியை மாத்தணும்" என்றாள் அல்லி. அவளாகவே வாய் திறந்து பேசியது அன்றைக்குத்தான்.

"யாரை மாத்தணும்?"

"கரியை."

"கரின்னு சொல்லாதே தங்கச்சி. அம்மான்னு சொல்லு. மாலை போட்டவங்களை எடுத்துக் குப்பையில கொட்டச் சொல்றியே, உனக்கே நல்லா இருக்கா?"

"நீலம் வருதே அண்ணே."

"வரட்டும். எனக்கு நிக்கச் சொல்லியிருக்கு. நிக்கிறேன்."

முள்ளக்கா கரடியாரிடமே போனாள். கரடியார் பானைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார். நாக்கு, உதடு, பல் எல்லாம் நீலம்.

"பெரியதனம், நாக்கை நீட்டுங்க."

நீட்டினார்.

"நீலமா இருக்கு."

"அது விசுவாசம்" என்றார் கரடியார். "அம்மா கையால வர்ற தண்ணி அது. கொஞ்சம் நிறம் இருந்தா என்ன? மனசுல குறை உள்ளவங்களுக்குத்தான் நீலமாத் தெரியும்."

கரியம்மாளுக்கு மரியாதை போதவில்லையோ என்று அவருக்குத் தோன்றியது. தினம் ஒரு மாலை போடச் சொன்னார். மாலைக்கு மேல் மாலை ஏறி, பானையின் வாயே மூடிக்கொண்டது. யானை ஊற்றும் தண்ணீர் பூவில் பட்டு வெளியே வழிந்தது. அதைத் தீர்த்தம் என்று தலையில் தெளித்துக்கொண்டார்கள். எல்லார் தலையும் நீலமானது.

அன்று சாயங்காலம் முள்ளக்கா அல்லியின் வளைக்கு வந்தாள். பொட்டு அம்மாவின் காலுக்கு நடுவில் கிடந்தது. மூச்சு மட்டும் போய் வந்தது.

"பேசாம எல்லாரையும் குத்திட்டு வந்துடறேன்" என்றாள் முள்ளக்கா.

"குத்தினா மட்டும் கேப்பாங்களாக்கா? கரியைத் தூக்கிப் போடுன்னு சொன்னா அவங்களுக்கு அவமரியாதை. கௌரவமா வெளியே அனுப்புறதுக்கு ஏதாவது வழி இருக்கணும்." அல்லி பொட்டின் முதுகை நக்கிக்கொண்டே இருந்தாள். நக்கிக்கொண்டே இருந்தவள் நிறுத்தினாள். "அக்கா, பொட்டு என் வயித்துல இருந்தப்போ நான் எப்படி இருந்தேன்?"

"எப்படி இருந்தே? கனத்துப்போய் இருந்தே. எது குடுத்தாலும் வாந்தி எடுத்தே. ஒரு வேலை ஓடல."

"அப்புறம் என்னை என்ன பண்ணாங்க?"

முள்ளக்கா அவளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முதுகில் இருந்த முள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது. முள்ளக்காவுக்குச் சிரிப்பு வந்தால் அப்படித்தான் ஆகும்.

மறுநாள் காலையில் அல்லி கரடியார் வீட்டு வாசலில் நின்றாள். முள்ளக்கா கூட வரவில்லை. இதைத் தானே சொன்னால்தான் எடுபடும் என்று அல்லிக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு காதையும் முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"என்னம்மா?"

"ஐயா, பொம்பளைங்க விஷயம். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

கரடியாருக்கு அப்போதே வியர்த்துவிட்டது. "பொம்பளைங்க விஷயமா? எங்க வீட்டுல இல்லையே. தேன் எடுக்கப் போயிருக்கா."

"கரியம்மா விஷயம்ங்க. அவங்க முழுகாம இருக்காங்க."

கரடியார் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "முழுகாமலா? நாள் பூராத் தண்ணியிலதானே இருக்காங்க?"

"ஐயா." அல்லியின் காது இன்னும் கீழே இறங்கியது.

"ஓ" என்றார் கரடியார். "ஓகோ. அப்படியா."

கையில் இருந்த பானைத் தண்ணீரை ஒரு மடக்குக் குடித்தார். அல்லிதான் பேசினாள். "நீங்களே பாருங்க. முன்னாடி ஒரு கையில தூக்குவோம், இப்போ நாலு பேர் வேணும். அவ்வளவு கனம். முகம் களைச்சிருக்கு. ஒரு வேலை ஓடல. அப்புறம் அந்த நீலம் வருதுல்ல..."

"ஆமா, வருது."

"அது வாந்திங்க."

கரடியார் கையில் இருந்த பானைத் தண்ணீரைப் பார்த்தார். மெதுவாகக் கீழே வைத்தார். நீல நாக்கை வெளியே நீட்டி, புல்லில் தேய்த்தார். இன்னொரு தடவை தேய்த்தார்.

"எத்தனை நாளா நான் குடிச்சுக்கிட்டு இருக்கேன்?"

"அதை இப்போ எதுக்குங்க கேட்டுக்கிட்டு."

சிறிது நேரத்தில் காடு முழுக்கத் தெரிந்துவிட்டது. எல்லாரும் ஓடைக்கரையில் கூடினார்கள். எல்லாரும் புல்லில் நாக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

குரங்குக்கு ஒரு சந்தேகம். "கல்யாணமே ஆகலையே?"

"ஏன் ஆகல?" என்றாள் முள்ளக்கா. "பந்தல் போட்டீங்களா இல்லையா? மேளம் வச்சீங்களா? பட்டு போர்த்தி, மாலை போட்டு, ஊருக்கே சாப்பாடு போட்டீங்களே. அதுக்குப் பேர் என்ன?"

"அது பாராட்டு விழான்னு நினைச்சோம்."

"மாப்பிள்ளை யாரு?" என்று கேட்டது யானை.

"ஓடை. அன்னைக்கு மேடையில 'ஓடைச்செல்வி'ன்னு பெரியதனமே சொன்னாரு. அவர் வாயாலதான் தாலி கட்டி வச்சாரு."

கரடியார் நெகிழ்ந்துபோனார். தான் ஒரு கல்யாணத்தை நடத்திவைத்திருக்கிறோம், தனக்கே தெரியாமல் நடத்திவைத்திருக்கிறோம் என்று நினைக்க நினைக்க அவருக்குக் கண் கலங்கியது. "அப்போ இப்போ என்னம்மா செய்யணும்?"

அல்லி புதருக்குள் இருந்து சொன்னாள். "வளைகாப்பு போட்டு, தாய்வீட்டுக்கு அனுப்பணும்ங்க. புள்ளத்தாச்சியை இந்தக் கோலத்துல வேலை வாங்கினா, பாக்கிறவங்க நம்மளைத்தான் திட்டுவாங்க."

"விழாவா?" என்றார் கரடியார். முகம் மலர்ந்துவிட்டது.

விழாதான். பானையில் இருந்த பழைய மாலையை எல்லாம் எடுத்துப்போட்டார்கள். கொடியை வளைத்து வளைத்து வளையல் பண்ணி, சுமங்கலிகள் வரிசையாக வந்து பானையின் கழுத்தில் மாட்டினார்கள். யானைப் பெண்சாதி சந்தனம் பூசினாள். எலுமிச்சை சாதம், புளி சாதம், தேங்காய் சாதம் எல்லாம் செய்தார்கள். கரடியார் எலுமிச்சை சாதத்தை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். தவளைகள் தாலாட்டுக்கு மெட்டு பார்த்தன.

"அம்மா போயிட்டா இங்கே வீட்டு வேலையை யார் பாக்கிறது?" என்று காட்டெருமை கேட்டது.

"தங்கச்சிக்காரி வந்திருக்கா" என்றாள் முள்ளக்கா. முந்தின நாளே கொட்டாங்கச்சி சுட்டு, நொறுக்கி, கழுவி வைத்திருந்தாள். "அக்கா பிள்ளை பெத்து வர்ற வரைக்கும் தங்கச்சி வந்து பாத்துக்கிறது வழக்கம்தானே."

"அச்சு அசல் அக்கா மாதிரியே இருக்கா" என்றது யானை. "கொஞ்சம் ஒல்லி."

பழைய கரியைப் பானையில் இருந்து இறக்கிப் பொன்னாடையில் கட்டினார்கள். அதே பானையில் தங்கச்சியைப் போட்டு, மேலும் கீழும் மணல் வைத்து, மரத்தில் தொங்கவிட்டார்கள். முதல் சொட்டு விழுந்தது. அல்லி இலையை நீட்டினாள். யாரும் பார்க்கிறார்களா என்றுகூடப் பார்க்காமல் வளைக்கு ஓடினாள்.

கரியம்மாளைக் காட்டெருமையின் முதுகில் ஏற்றினார்கள். புள்ளத்தாச்சி என்று காட்டெருமை அடி மேல் அடி வைத்து நடந்தது. வழியில் ஒரு பள்ளம் வந்தது. "பிடிச்சுக்கோம்மா" என்றது. கரியம்மாள் பதில் சொல்லவில்லை. அவள் என்றைக்குப் பதில் சொன்னாள்.

தாய்வீடு எங்கே? அவளைச் சுட்ட அந்தக் குழிதான். குழியில் இறக்கி, கங்கு போட்டு, மண்ணால் மூடினார்கள்.

கரடியாருக்குப் பதறியது. "என்னம்மா இது, பிரசவத்துக்கு வந்தவளைப் போய் நெருப்புல..."

"பெத்தவ வீடு சூடாத்தான் பெரியதனம் இருக்கும்" என்றாள் முள்ளக்கா. "மாப்பிள்ளை வீடுதான் சில்லுனு இருக்கும்."

மூடின மண்ணின் இடுக்கில் இருந்து புகை வந்தது. கரியின் அறைச் சுவர்களில் ஒட்டியிருந்த சாயமெல்லாம் எரிந்து, ஒரு மாதிரி ஊதாப் புகையாக எழும்பியது. காற்று மேல்பக்கம் அடித்தது. புகை அப்படியே மேல்காட்டைப் பார்க்கப் போனது. மேலே மயில்கள் இருமுவது கீழே வரை கேட்டது.

ஆறிய பிறகு மண்ணை விலக்கினார்கள். கரடியார் தொட்டில் ஒன்று பின்னி, தோளில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். கரியம்மாளை எடுத்துப் பார்த்தார்கள். இறகு மாதிரி இருந்தாள். ஒன்றோடு ஒன்று தட்டினால் கிணுக் கிணுக் என்றது.

"தாய் நல்லா இருக்கா" என்றாள் முள்ளக்கா.

"குழந்தை எங்கே?"

எல்லாரும் அல்லியைத் தேடினார்கள். அவள் புதருக்குள் இருந்தாள். புதர் ஆடியது. சிரிக்கிறாளா நடுங்குகிறாளா என்று தெரியவில்லை. "பிறந்துச்சுங்க" என்று குரல் வந்தது. "இறக்கை இருந்துச்சு. மேல்காட்டுப் பக்கம் பறந்து போயிடுச்சு."

"ஆணா, பெண்ணா?"

"பறந்த வேகத்துல பாக்க முடியலங்க."

கரடியார் வானத்தைப் பார்த்துக் கை கூப்பினார். பிறகு தொட்டிலில் தானே உட்கார்ந்து பார்த்தார். கிழிந்துவிட்டது.

அன்று முதல் அந்தக் காட்டில் அதுவே வழக்கமானது. பானைத் தண்ணீரில் நீலம் எட்டிப் பார்த்தால் போதும், யாரும் சொல்லாமலே கரடியார் முதல் ஆளாக ஓடி வருவார். "அம்மாவுக்கு மாசமாயிடுச்சு, எலுமிச்சங்காய் பறிங்க" என்பார். அக்கா போவாள், தங்கச்சி வருவாள். தங்கச்சி போவாள், அக்கா வருவாள். மயில்கள் மேலே சாயம் போட்டுக்கொண்டுதான் இருந்தன, அவை திருந்தவில்லை. கரடியாரும் திருந்தவில்லை, கொஞ்சம் குண்டானார். பழைய கரியை ஏன் மாற்றுகிறோம் என்று அந்தக் காட்டில் பாதிப் பேருக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் மாற்றிவிடுகிறார்கள்.

தங்கச்சித் தண்ணீர் குடித்த அன்று பொட்டு நாள் முழுக்கத் தூங்கியது. அல்லி பக்கத்திலேயே உட்கார்ந்து அதன் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் விடியும்போது அல்லிக்குத் தன் காதில் சுள்ளென்று ஒரு கடி விழுந்தது. அவள் அசையவில்லை. நன்றாகக் கடிக்கட்டும் என்று காதைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தாள்.

நீதி: ஊர் அழுக்கை எல்லாம் தனக்குள் வாங்கிக்கொள்பவள் ஒரு நாள் நிறைந்துதான் போவாள், அன்றைக்கு அவள் கழுத்தில் இன்னொரு மாலை போடாமல் தாய்வீட்டுக்கு அனுப்பி வைக்க வேண்டும், அதுவும் அவள் கேட்பதற்கு முன்னாலேயே, ஏனென்றால் அவளாக வாய் திறந்து ஒருநாளும்... இதோ வந்துட்டேன் அத்தே, உலை வச்சுட்டுத்தான்...